சும்மா ஒரு பதகளிப்பு

(எமது சங்கத்தின் மாசி மாத ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. புத்தாண்டு மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



செயலாளர் அண்ணை என்னைக் கூப்பிட்டு, "பதினைஞ்சு நிமிசம் கதை, எதைப் பற்றியும் கதைக்கலாம், அரசியல் மட்டும் வேண்டாம், அதுக்கு இஞ்சை நிறைய ஆக்கள் இருக்கினம்" எண்டு சொன்னவர். நான் பெரிய படிப்புப் படிச்சவன் இல்லை. ஏ.எல். சோதினையோட பள்ளிக்கூடம் முடிஞ்சுது. இப்ப பக்ரறியில பொதி கட்டுற மெசினோட நிக்கிறன். ஆனால் இண்டைக்கு நான் எடுத்த விசயத்தில எனக்கும் உங்களுக்கும் நல்ல அனுபவம் இருக்கு. அது தான் பதகளிப்பு. இந்த மைக்குக்கு முன்னால நிக்கேக்கையே முழங்கால் கொஞ்சம் ஆடுது. வள்ளுவர் "அவை அஞ்சாமை" எண்டு இதுக்கெண்டே ஒரு அதிகாரம் வைச்சிருக்கிறார், 73ஆவது. அந்தக் காலத்து ஆக்களுக்கும் முழங்கால் ஆடியிருக்கு எண்டு நினைச்சு மனதைத் தேற்றிக்கொண்டு தொடங்குறன்.

இந்தக் கிழமை புதன்கிழமை மத்தியானம் ஒண்டரைக்கு சைரன் ஊதினது எல்லாருக்கும் கேட்டிருக்கும். சுவிசில ஒவ்வொரு வருசமும் மாசி மாதத்தின் முதல் புதன்கிழமை 13.30க்கு நாடு முழுக்க இந்தப் பரிசோதனை நடக்கும். 7,000க்கும் மேற்பட்ட சைரன்கள் ஒரே நேரத்தில ஊதும். ஏறி இறங்கி ஏறி இறங்கி ஒரு நிமிசம். எங்கட பக்ரறியில வேலை செய்யிற சுவிஸ்காரர் ஒருத்தரும் தலை நிமிர்த்தேல்லை. பாணைக் கடிச்சுக்கொண்டு கதையைத் தொடர்ந்தினம். எங்கட மேசையில இருந்த தமிழ் ஆக்கள் மூண்டு பேரும், பக்கத்து மேசை பொஸ்னியாக்காரரும், எரித்திரியாப் பெடியனும் மட்டும் ஒரு கணம் கை நிப்பாட்டினம். ஆளை ஆள் பார்த்தம். பிறகு சிரிச்சுப்போட்டுச் சாப்பிட்டம். சைரன் ஏன் ஊதுது எண்டு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் கை நிண்டது. தெரிஞ்சாலும் கை நிக்குதே, அதைப் பற்றித்தான் கதைக்கப் போறன்.

நான் சொல்லுறது பெரிய வருத்தத்தைப் பற்றி இல்லை. நித்திரையில கத்தி எழும்புறது, கண்ணுக்கு முன்னால பழைய காட்சி வாறது போன்றவை வேற. அதைக் கடைசியில சொல்லுறன். நான் சொல்லுறது அன்றாடம் வாற சின்னப் பதகளிப்பை. ஊரில இதுக்கு எத்தனை சொல்லு வைச்சிருந்தம் எண்டு பாருங்கோ: அந்தரம், பதகளிப்பு, நெஞ்சிடி, திடுக்காட்டம், வெருட்சி. சின்னப்பிள்ளை பயந்து காய்ச்சல் வந்தால் "பிள்ளை ஏங்கிப்போச்சு" எண்டு சொல்லி, திருநீறு போட்டு நூல் கட்டுவினம். அந்தப் பிள்ளையை ஒருத்தரும் கோழை எண்டு சொல்ல மாட்டினம். ஏங்கினது ஏங்கினதுதான், அதைத் தெளிவிக்க வேணும் எண்டு அம்மம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தது. இஞ்சை வந்த பிறகு வளர்ந்த நாங்கள்தான், "எனக்கு ஒண்டும் இல்லை, சும்மா" எண்டு மறைச்சுக்கொண்டு திரியிறம்.

எங்கெங்கை இந்தப் பதகளிப்பு வருது? உங்கட வீட்டை நினைச்சுப் பாருங்கோ.

கதவு பெல் அடிக்குது. வாறன் எண்டு முதலே சொன்ன ஆக்கள் ஒருத்தரும் இல்லை. உடன ரீவியின்ரை சத்தத்தைக் குறைக்கிறம். பிள்ளைக்கு "உஸ்" எண்டு சொல்லுறம். கால் சத்தம் கேளாமல் போய் ஓட்டையால பார்க்கிறம். வெளியில நிக்கிறது பார்சல் கொண்டுவந்த பெடியன்.

விடியப்புறம் மூண்டு மணிக்கு ரெலிபோன் அடிக்குது. ஊரிலயிருந்து எண்டால் கையே போகாது. எடுத்தால், "தம்பி, அங்கை இப்ப எத்தினை மணி?" எண்டு பெரியம்மா சுகமாகக் கேட்பா.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ரெயினில ஏறினால், இருபது வயதுப் பெடியங்கள் பச்சை உடுப்போட, துவக்கைக் காலுக்கிடையில வைச்சுக்கொண்டு நித்திரை தூங்குவினம். இந்த நாட்டில ஆண்களுக்கு ராணுவ சேவை கட்டாயம், சனி ஞாயிறுக்கு வீட்டை போறாங்கள். எல்லாம் தெரியும். எண்டாலும் எங்கட ஆக்கள் எத்தினை பேர் அடுத்த பெட்டிக்கு நடக்கிறனாங்கள்? ரிக்கற் பார்க்கிறவர் வந்தால், மாதச் சீட்டு சட்டைப் பையில கிடக்கேக்கையும் உள்ளங்கை வேர்க்கும். எங்கட தலைமுறைக்கு உடுப்புப் போட்டவன் வந்து "எடு" எண்டால் அது ரிக்கற் இல்லை, ஐ.சி.

வேலையிடத்தில ஷெஃப் "ஒருக்கா ஒபீசுக்கு வா" எண்டு சொன்னால், போய்ச் சேர முதலே வேலை போயிட்டுது, வாடகை கட்டேலாது, பேர்மிற் புதுப்பிக்க மாட்டினம் எண்டு மனம் முழுப் படத்தையும் ஓட்டி முடிச்சிடும். அங்கை அவர் கேட்கிறது, "ஆடி மாதம் எப்ப லீவு எடுக்கப் போறாய்?"

இதுகளை நினைச்சால் சிரிப்பு வரும். ஆனால் எல்லாத்துக்கும் ஒரு வேர் இருக்கு. நான் யாழ்ப்பாணத்தில வளர்ந்தவன். எங்களுக்குக் காதுதான் சைரன். இரைச்சலை வைச்சே பொம்பரோ, ஹெலியோ எண்டு ஐஞ்சு வயதுப் பிள்ளையும் சொல்லும். 1995ஆம் ஆண்டு ஐப்பசி 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில வெளிக்கிட்டு, மழைக்குள்ள நாவற்குழிப் பாலத்தால தென்மராட்சிக்கு நடந்தது. லட்சக்கணக்கான சனம். நான் சின்னப் பெடியன். அம்மாவின்ரை சேலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு அடி அடியா நகர்ந்தது நினைவிருக்கு. இண்டைக்கும் சூரிச் ஸ்ரேசனில சனம் நெருக்கினால் என்ரை கை தானாக மகளின்ரை கையைத் தேடும். 2006ஆம் ஆண்டு ஆவணி 11ஆம் திகதி முகமாலையில ஏ9 பாதை பூட்டின பிறகு, யாழ்ப்பாணத்தில இரவில நாய் குலைச்சால் வீடு முழுக்க முழிச்சிருக்கும். ஒழுங்கையால ஆர் போகினம்? எந்த வீட்டு வாசலில நிக்கினம்? நாய் குலைக்கிறது நிண்டால் இன்னும் பயம். அப்பிடி வளர்ந்த காதைச் சுவிசுக்குக் கொண்டுவந்து, "இனிக் கேளாதை" எண்டு சொன்னால் கேட்குமா?

உடம்புக்குள்ள என்ன நடக்குது எண்டு எனக்கு விளங்கின அளவில சொல்லுறன். மூளைக்குள்ள பாதாம் பருப்பு மாதிரி ஒரு சின்னப் பகுதி இருக்கு. அமிக்டலா எண்டு பேர். ஆபத்தை மணந்து பிடிக்கிறதில அதுக்குப் பெரிய பங்கு. யோசிக்கிற மூளை "இது பார்சல்காரன்" எண்டு சொல்லுறதுக்கு முந்தியே அது மணி அடிச்சிடும். உடன சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்துக்குள்ள விடும். நெஞ்சு வேகமாக அடிக்கும், மூச்சு மேல் மூச்சாகும், வாய் காயும், வயிறு புரளும், கை குளிரும். ஓடுறதுக்கோ அடிபடுறதுக்கோ உடம்பு ஆயத்தப்படுது. அட்ரினலின் ரத்தத்தில கலந்த பிறகு, ஆபத்து இல்லை எண்டு தெரிஞ்சாலும் அது அடங்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். கதவைத் திறந்து பார்சலை வாங்கின பிறகும் கை நடுங்குறது அதாலதான்.

என்ரை வேலையில இருந்து ஒரு உதாரணம். எங்கட மெசினுக்கு முன்னால கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளிக்கதிர் குறுக்க ஓடும். கை உள்ள போனால் கதிர் அறும், மெசின் அந்தக் கணமே நிக்கும். எத்தினையோ விரல்களைக் காப்பாற்றின சாமான் அது. ஆனால் அந்தக் கண்ணாடியில தூசி படிஞ்சால், கை போகாமலே மெசின் நிக்கும். ஒரு நாளைக்குப் பத்துத் தரம் நிக்கும். அதுக்காக அதைக் கழற்றி எறிவமா? மாட்டம். துணியால துடைக்கிறம். எங்கட நெஞ்சுக்குள்ள இருக்கிற சைரனும் அப்பிடித்தான். அது பழுதான சாமான் இல்லை. அதுதான் எங்களைப் பங்கருக்குள்ள ஓட வைச்சு உயிரோட இஞ்சை கொண்டுவந்து சேர்த்தது. இப்ப தூசி படிஞ்சிருக்கு, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில யுத்தகாலத்தில வேலை செய்த மனநல வைத்தியர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993இல் தமிழில எழுதின புத்தகத்துக்கு "மனவடு" எண்டு பேர் வைச்சார். வடு எண்டால் காயம் ஆறின பிறகும் நிக்கிற அடையாளம். எனக்கு அந்தச் சொல்லு பிடிச்சுக்கொண்டது.

அப்ப, சின்னப் பதகளிப்புத்தானே, இருந்திட்டுப் போகட்டும் எண்டு நீங்கள் கேட்கலாம். பதகளிப்பு வாறதில பெரிய நட்டம் இல்லை. அதுக்குப் பயந்து நாங்கள் ஒதுங்குறதிலதான் நட்டம். சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது எண்டு சொல்லுவினம். அடுப்பு ஆறிப்போய், மேல பால் சட்டி இருந்தாலும் அந்தப் பூனை பட்டினி கிடக்கும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணை, ஊரில இருக்கிற மனிசி பிள்ளையைக் கூப்பிட விண்ணப்பம் போட்டிட்டு முடிவுக்குக் காத்திருந்தவர். ஒருநாள் தபால்காரர் பதிவுத்தபால் ஒண்டு வந்திருக்கு எண்டு துண்டைப் போட்டிட்டுப் போனார். அண்ணைக்குத் துண்டைக் கண்டதும் நெஞ்சிடி. "நாளைக்கு எடுப்பம்" எண்டு பிரிட்ஜுக்கு மேல வைச்சார். நாளைக்கும் நாளைக்கு. ஏழு நாள் போச்சுது, கடிதம் திரும்பிப் போச்சுது. பிறகு சாதாரணத் தபாலில அதின்ரை பிரதி வந்தது. திறந்தால் மறுப்பு. மேன்முறையீட்டுக்கான நாட்களில அரைவாசிக்கு மேல அதுக்குள்ள ஓடிப்போச்சுது. வழக்கறிஞர் ஒருத்தர் இரவிரவாக எழுதி, கடைசி நேரத்தில அனுப்பினார். மனிசி பிள்ளை பிறகு வந்து சேர்ந்தது அவையின்ரை நல்ல காலம்.

எல்லாரும் தெரிஞ்சிருக்க வேண்டிய சங்கதி இது. நீங்கள் ஒரு அலுவலகத்தின் முடிவுக்குக் காத்திருக்கேக்கை, அவை அனுப்பின பதிவுத்தபாலை எடுக்காவிட்டாலும், முதல் தரம் கொண்டுவந்து குடுக்க முடியாமல் போன நாளில இருந்து ஏழாம் நாள் அது உங்களுக்குக் கிடைச்சதாகவே சட்டம் கணக்கெடுக்கும். அடுத்த நாளில இருந்து தவணை ஓடும். எடுக்காமல் விடுறதால கடிதம் இல்லாமல் போறதில்லை, நாட்கள்தான் இல்லாமல் போகும். அதேமாதிரி கடன் அலுவலகத்தில இருந்து பணம் கட்டச் சொல்லிக் கட்டளை வந்து, அந்தக் கடன் உங்கட கடன் இல்லை எண்டால், கையில கிடைச்ச நாளில இருந்து 10 நாளுக்குள்ள எதிர்ப்புத் தெரிவிக்கலாம். காரணம் எழுதத் தேவையில்லை. அந்தக் கடிதத்தைப் பயத்தில லாச்சிக்குள்ள வைச்சால், வாங்காத கடனையும் கட்ட வேண்டி வரலாம்.

இரண்டாவது நட்டம் பிள்ளையளுக்கு. இஞ்சை பிறந்த பிள்ளைக்குப் பொம்பர் தெரியாது, வெள்ளை வான் தெரியாது. ஆனால் பெல் அடிச்சால் அப்பாவின்ரை முகம் மாறுறது தெரியும். பொலிஸ் கார் போகேக்கை அம்மாவின்ரை கை இறுகிறது தெரியும். காரணம் தெரியாமல் பயத்தை மட்டும் பழகினால், அது எங்கட பயத்திலும் பொல்லாதது. எங்களுக்கு எண்டாலும் ஏன் எண்டு தெரியும், அதுகளுக்கு அதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில ரீச்சர் பெற்றோரைக் கூப்பிட்டால், "அப்பாவுக்கு ஷிப்ற்" எண்டு சொல்லி அனுப்புறம். ஷிப்ற் உண்மைதான். ஆனால் அந்த நாலு வசனம் டொச்சில கதைக்க வேணுமே எண்ட அந்தரமும் உண்மைதான். பிள்ளை என்ன நினைக்கும்? அப்பாவுக்கு என்னில அக்கறை இல்லை எண்டுதான் நினைக்கும்.

சரி, என்ன செய்யலாம்? எனக்கும் தெரிஞ்ச ஆக்களுக்கும் உதவினதைச் சொல்லுறன்.

முதலாவது, அதுக்குப் பேர் சொல்லுங்கோ. நெஞ்சு இடிக்கேக்கை, "இது பழைய சைரன் ஊதுது" எண்டு மனதுக்குள்ள சொல்லுங்கோ. பிறகு மூச்சை உள்ள எடுக்கிற நேரத்திலும் கூட நேரம் எடுத்து, மெல்ல மெல்ல வெளியில விடுங்கோ. ஐஞ்சாறு தரம் செய்தால் நெஞ்சு கொஞ்சம் இறங்கும். கண்ணுக்கு முன்னால இருக்கிற ஐஞ்சு சாமானை எண்ணுங்கோ: கதவு, குடை, சப்பாத்து, கலண்டர், பிள்ளையின்ரை புத்தகப்பை. நீங்கள் இப்ப எந்த நாட்டில, எந்த வருசத்தில நிக்கிறீங்கள் எண்டு உடம்புக்கு அது சொல்லிக் குடுக்கும்.

இரண்டாவது, ஒதுங்காமல் படிப்படியாகக் கிட்டப் போங்கோ. ரெலிபோனில டொச் கதைக்கப் பயம் எண்டால், சொல்ல வேண்டிய மூண்டு வசனத்தைத் துண்டில எழுதி வைச்சுக்கொண்டு எடுங்கோ. துண்டைப் பார்த்து வாசிக்கிறது அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. கடிதத்துக்குப் பயம் எண்டால், தபால்பெட்டியை ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில திறந்து, அண்டைக்கே உடையுங்கோ. தனியத் திறக்க ஏலாட்டில் சங்கத்துக்குக் கொண்டுவாங்கோ. ஆனால் பத்து வயதுப் பிள்ளையைக் கொண்டு கடிதம் வாசிப்பியாதேயுங்கோ. அந்தச் சுமை அதுக்கு வேண்டாம்.

மூண்டாவது, உடம்பைக் கவனியுங்கோ. இரவு வேலைக்காரர் நாங்கள் கோப்பியிலதான் ஓடுறம். கோப்பி கூடினால் நெஞ்சிடி கூடும், அதைப் பயம் எண்டு மனம் எடுக்கும். அடுத்தது ஆண்களுக்கு. ரெண்டு கிளாஸ் போட்டால் அந்தரம் அடங்கும், உண்மை. அடுத்தநாள் அது வட்டியோட திரும்பி வரும். வட்டியைக் கட்ட இன்னும் ரெண்டு கிளாஸ் வேணும். அந்தச் சீட்டு எங்க போய் முடியும் எண்டு எங்கட சனத்துக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நாலாவது, பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ. பயங்கரமான கதை முழுக்க வேண்டாம். "அப்பா சின்னனாக இருக்கேக்கை ஹெலி வந்தால் ஓடி ஒளிக்க வேணும், அதாலதான் சத்தம் கேட்டால் இப்பவும் திடுக்கிடுறன். இஞ்சை பயமில்லை" எண்டு ரெண்டு வசனம் காணும். இஞ்சை மேல பறக்கிற சிவப்பு ஹெலி ரேகாவின்ரை. 1952இல தொடங்கின மீட்புச் சேவை, மலையில விழுந்தவையையும் வருத்தக்காரரையும் ஏற்றிக்கொண்டு ஆசுப்பத்திரிக்குப் போறது. அதைப் பிள்ளைக்குக் காட்டி, "அங்கை பார், ஆரையோ காப்பாற்றப் போகினம்" எண்டு சொல்லுங்கோ. சொல்லச் சொல்ல எங்கட காதும் பழகும். ஆவணி முதலாம் திகதியும் டிசம்பர் 31ஆம் திகதியும் வெடி கொளுத்துவினம் எண்டு முதலே தெரியும். அண்டைக்கு வீட்டில தனிய இருந்து காதைப் பொத்தாமல், நாலு குடும்பம் ஒண்டாகச் சேர்ந்து கொத்துரொட்டி போடுங்கோ.

இனி, கடைசியில சொல்லுறன் எண்ட பெரிய விசயம். கெட்ட கனவு, பழைய காட்சி திரும்ப வாறது, நித்திரையின்மை, எடுத்ததுக்கெல்லாம் கோபம், ஆக்களோட சேராமல் ஒதுங்குறது, இதுகள் ஒரு மாதத்துக்கு மேல நீடிச்சால் அது நான் சொன்ன சின்னப் பதகளிப்பு இல்லை. குடும்ப டொக்டரிட்டைப் போங்கோ. 2022 ஆடி முதலாம் திகதியில இருந்து, டொக்டர் எழுதிக் குடுத்தால் உளவியல் சிகிச்சையாளரிட்டைப் போறதுக்கும் அடிப்படைக் காப்புறுதி பொறுப்பெடுக்கும். நீங்கள் வழமையாகக் கட்டுற பங்கு மட்டும் உங்களுடையது. யுத்தத்தாலும் சித்திரவதையாலும் பாதிக்கப்பட்டவைக்கெண்டு செஞ்சிலுவைச் சங்கம் 1995இல பேர்ணில ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினது. "மொழிபெயர்க்க வாற தமிழ் ஆள் ஊரெல்லாம் சொல்லிப்போடும்" எண்டு பயப்பிடுறீங்கள். டொக்டருக்கும் அவருக்கு உதவியாக வேலை செய்யிறவைக்கும் ரகசியம் காக்கிற கடமை சட்டத்தில இருக்கு. தெரிஞ்ச முகம் எண்டால் வேற ஆளைக் கேளுங்கோ. உயிரை விடுவமோ எண்ட நினைவு வந்தால் விடியும்வரை காத்திராதேயுங்கோ. 143 எண்ட இலக்கத்தில இரவு பகல் எந்த நேரமும் ஆள் இருக்கும், டொச், பிரெஞ்சு, இத்தாலி மொழியில கதைக்கலாம். அவசரம் எண்டால் 144.

அன்பானவர்களே, இப்ப சித்திரை வருடப்பிறப்பு வரப்போகுது. தமிழ்க்கடையில போத்திலில மருத்துநீர் வாங்கித் தலையில வைச்சு, புது உடுப்புப் போட்டு, பெரியாக்களிட்டைக் கைவிசேசம் வாங்குவம். மருத்துநீர் வைக்கிறது பழசைக் கழுவிப் புதுசைத் தொடங்க. எங்கட பழசு ஒரு முழுக்கில கழுவுப்படாது. ஆனால் ஒரு வருசத்தில ஒரு பழக்கத்தை மாற்றலாம். கைவிசேசம் குடுக்கேக்கை பக்கத்தில இருக்கிற ஆளிட்டை ஒண்டு கேளுங்கோ: "அண்ணை, உங்களுக்கு எந்தச் சத்தம் கேட்டால் நெஞ்சு இடிக்கும்?" அவர் முதலில சிரிப்பார். பிறகு சொல்லுவார். சொன்ன பிறகு, தபால் துண்டு வந்தால் அவர் உங்களைக் கூப்பிடுவார், உங்களுக்கு வந்தால் நீங்கள் அவரைக் கூப்பிடுவீங்கள். ரெண்டு பேராகப் போய் எடுத்த கடிதத்துக்குப் பாரம் குறைவு.

முழங்கால் இப்ப ஆடேல்லை.